மருத்துவபீடத்திற்கு உள்ள வேறு வாசல்கள்

கடந்த சனிக்கிழமை தமிழ்ப் பாடசாலை முடிந்து நாம் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தவேளை, தந்தையார் ஒருவர் எம்மைத் தேடி வந்தார். பெற்றோல் நிலையமொன்றில் இரவு வேலை செய்பவர். நித்திரை கொள்ளாமலே வந்திருக்கிறார் என்பதைக் கண்கள் சொல்லின. சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளொன்றை எடுத்து நீட்டினார்.

"ரீச்சர், இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ. பள்ளிக்கூடத்தில பிள்ளைக்குக் குடுத்தவை. இது பின்கதவோ?"

மகள் இப்பொழுது ஏ லெவல் இறுதி வகுப்பில் இருக்கிறாள். வைத்தியராக வேண்டும் என்பது அவளுடைய சிறுவயதுக் கனவு. நன்றாகப் படிப்பவள்தான். ஆயினும் பாடசாலை எதிர்வுகூறியிருக்கும் பெறுபேறு ஒரு ஏ, இரண்டு பி. மருத்துவபீடங்கள் வழமையாகக் கேட்பதோ மூன்று ஏ. சில இடங்களில் அவற்றுள் ஒன்று நட்சத்திர ஏ. இதனை அறிந்த ஆசிரியை ஒருவர், லண்டன் கிங்ஸ் கல்லூரியில் உள்ள ஆறாண்டு மருத்துவப் பாடநெறிக்கு விண்ணப்பிக்கலாம் என்று கூறி, அதன் விபரத்தை அச்சிட்டுக் கொடுத்திருக்கிறார். தந்தையார் மறுத்துவிட்டார். மகள் மூன்று நாட்களாக அவருடன் கதைப்பதில்லையாம்.

ஏன் மறுத்தீர்கள் என்று கேட்டோம். அவர் உடனே பதில் சொல்லவில்லை. நாம் அடுக்கிய கதிரை ஒன்றை மீண்டும் எடுத்துப் போட்டு அமர்ந்துகொண்டார்.

"எனக்கு மூண்டு புள்ளி காணாமல் போச்சுது ரீச்சர். யாழ்ப்பாணத்து வெட்டுப்புள்ளி அப்பிடி. வேற மாவட்டத்தில என்னிலும் பாக்கக் குறைய எடுத்தவன் டொக்டராப் போனான். அதைப் பாத்து எத்தினை வருசம் எரிஞ்சனான். இப்ப என்ர பிள்ளை குறைஞ்ச புள்ளியோட மற்றவையின்ர இடத்தில போய் இருக்கிறதோ?"

வாசகர்களே, இக்கேள்வியை எளிதாகத் தட்டிக் கழித்துவிட எம்மால் முடியவில்லை. எமது வீட்டிலேயே இதே காயம் இருந்தது. எமது சின்னையா 1970 ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சை எழுதியவர். தரப்படுத்தல் என்ற சொல் எம்மவர் நாவில் ஏறிய காலம் அது. அவ்வாண்டுப் பரீட்சைப் பெறுபேறுகளின்படி மருத்துவபீடங்களுக்கு அனுமதி பெறத் தமிழ் மொழி மூலம் தோற்றிய மாணவர் 400 புள்ளிகளுக்கு 250 புள்ளி எடுக்க வேண்டியிருந்தது. சிங்கள மொழி மூலம் தோற்றியவருக்கு 229 போதும். அந்த இடைவெளிக்குள் விழுந்தவர்களுள் சின்னையாவும் ஒருவர். பின்னர் எழுதுவினைஞராக வேலை பார்த்து ஓய்வு பெற்றார். வீட்டில் எவருக்கேனும் காய்ச்சல் வந்தால் முதலில் நாடி பிடித்துப் பார்ப்பவர் அவர்தான். அதைப் பார்த்து அப்பம்மா அடுக்களைக்குள் சென்று அழுவார்.

ஆகவே குறைந்த புள்ளி என்ற சொல்லைக் கேட்டதும் எம்மவர் நெஞ்சு சுருங்குவது இயல்பு. ஆனால் ஆசிரியத் தொழில் எமக்கு வேறொன்றையும் காட்டிற்று. அதையும் சொல்லத்தான் வேண்டும்; சிலருக்குக் கசக்கலாம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நாம் வன்னியில் ஒரு பாடசாலையில் படிப்பித்தோம். நாம் கலைப் பட்டதாரி. தமிழும் வரலாறும் எமது பாடங்கள். அங்கே உயர்தர விஞ்ஞான வகுப்பு என்று ஒன்று பெயரளவில் இருந்தது. இரசாயனத்துக்கு இரண்டு ஆண்டுகள் ஆசிரியர் இல்லை. ஆய்வுகூடத்தில் இருந்தது உடைந்த தராசு ஒன்றும் வெற்றுப் போத்தல்களும். மண்ணெண்ணெய் கிடைக்காத காலம். பிள்ளைகள் ஒரு விளக்கைச் சுற்றி நான்கு பேராக இருந்து படித்தார்கள். இடம்பெயர்ந்து வந்த யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஒருவரின் பழைய குறிப்புக் கொப்பி வகுப்பு முழுவதும் கைமாறிக் கைமாறி, ஈற்றில் ஓரங்கள் பஞ்சாகிப் போயிற்று. அவ்வகுப்பிலிருந்து ஒரு பெண்பிள்ளை மாவட்ட ஒதுக்கீட்டில் யாழ்ப்பாண மருத்துவபீடம் சென்றாள். யாழ்ப்பாண நகரத்துப் பிள்ளைகளைக் காட்டிலும் அவளுடைய புள்ளி குறைவு. அவள் இன்று எங்கே வேலை செய்கிறாள் தெரியுமா? அதே வன்னியில். நகரத்து வைத்தியர்கள் மாற்றலாகிப் போக மறுத்த வைத்தியசாலையொன்றில்.

1970 இல் நடந்ததையும் அதன் பின்னர் வந்த மாவட்ட முறையையும் எம்மவர் ஒரே பெயரால் அழைத்து ஒரே சாக்கில் கட்டிவிட்டார்கள். முன்னது மாணவன் எந்த மொழியில் எழுதினான் என்பதை மாத்திரம் பார்த்தது. அவன் வீட்டில் விளக்கு இருந்ததா, பாடசாலையில் ஆசிரியர் இருந்தாரா என்று அது கேட்கவேயில்லை. கொழும்பில் சகல வசதியுடன் படித்தவனுக்கும் அது சலுகை கொடுத்தது. தமிழில் எழுதிய ஏழைக்குத் தடை போட்டது. மாவட்ட முறை அந்தக் கேள்வியை அரைகுறையாகவேனும் கேட்டது. இன்றும் இலங்கையில் மருத்துவபீட இடங்களில் 40 வீதம் வரை அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் வரை மாவட்டங்களின் சனத்தொகை அடிப்படையிலும், 5 வீதம் வரை கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், மட்டக்களப்பு எல்லாம் அப்பதினாறினுள் அடங்கும். யாழ்ப்பாணத்தார் நாம் இதைப் பற்றிப் பேசும்போது வன்னியாரையும் மட்டக்களப்பாரையும் கொஞ்சம் மறந்துவிடுகிறோம். அரசின் நோக்கம் முழுதும் தூயது என்று நாம் சொல்ல வரவில்லை. அதனால் பயனடைந்தவர்களுள் எமது பிள்ளைகளும் இருந்தனர் என்பதே நாம் சொல்ல வருவது.

இனி இந்நாட்டு விடயத்துக்கு வருவோம்.

பிரித்தானிய மருத்துவபீடங்களின் கூட்டவை 2014 இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. மருத்துவத்துக்கு விண்ணப்பித்தவர்களுள் 80 வீதமானோர் 20 வீதமான பாடசாலைகளிலிருந்தே வந்திருந்தனர். நாட்டின் உயர்தர வகுப்புப் பாடசாலைகளில் ஏறத்தாழ அரைவாசியிலிருந்து பல ஆண்டுகளாக ஒரு மாணவர்கூட விண்ணப்பித்திருக்கவில்லை. விண்ணப்பித்துத் தோற்றவர்கள் கதை அல்ல இது. வாசலுக்கே வராதவர்கள் கதை. வன்னியில் நாம் கண்டதும் இதுவே என்று அறிக்கையை வாசித்தபோது நினைத்துக்கொண்டோம்.

தெற்காசியப் பிள்ளைகள் இங்கே மருத்துவபீடங்களில் நிறைய இருக்கிறார்களே, எமக்கென்ன குறை என்று சிலர் கேட்பர். உண்மைதான், இனத்தை வைத்துப் பார்த்தால் ஆசியர் தொகை குறைவில்லை. ஆனால் அவர்களுள் எத்தனை பேர் வைத்தியரின் பிள்ளைகள், எத்தனை பேர் கட்டணப் பாடசாலையில் படித்தவர்கள்? பெற்றோல் நிலையத்துத் தமிழர் பிள்ளையையும் ஹார்லி வீதி வைத்தியர் பிள்ளையையும் ஒரே பெட்டிக்குள் போட்டு எண்ணினால் கணக்குச் சரியாகத்தான் வரும்.

கிங்ஸ் கல்லூரியின் ஆறாண்டுப் பாடநெறி 2001 இல் தொடங்கியது. அரசாங்கப் பாடசாலைகளில், அதுவும் பரீட்சை வைத்துப் பிள்ளைகளைத் தெரிவு செய்யாத பாடசாலைகளில் படித்தவர்களுக்கே அது உரியது. ஏனையோர் ஐந்து ஆண்டில் கற்பதை இவர்கள் ஆறு ஆண்டில் கற்பர். ஆரம்பப் பகுதியை விரித்து, கூடுதல் உதவியுடன் நடத்துவார்கள். அதன்பின் எல்லோருக்கும் ஒரே விரிவுரை, ஒரே வார்டு, ஒரே பரீட்சை. சவுத்ஹாம்டனில் 2002 இல் இவ்வகைப் பாடநெறி தொடங்கிற்று. இன்று நாடு முழுவதும் பதினைந்துக்கு மேற்பட்ட பீடங்களில் இத்தகைய பாடநெறிகள் உண்டு. சாதாரண ஐந்தாண்டுப் பாடநெறிக்கே, மாணவரின் பின்னணியைக் கருத்திற் கொண்டு ஒன்று அல்லது இரண்டு தரம் குறைத்து இடம் கொடுக்கும் பீடங்களும் பல.

அது மட்டுமன்று. வேறொரு பட்டம் பெற்றபின் நான்கு ஆண்டில் மருத்துவம் கற்கும் வழி 2000 ஆம் ஆண்டு முதல் உண்டு. லண்டன் சென் ஜோர்ஜ் மருத்துவக் கல்லூரி அதைத் தொடங்கியபோது எந்தத் துறைப் பட்டதாரியும் விண்ணப்பிக்கலாம் என்று அறிவித்தது. வரலாறு படித்தவரும் வைத்தியராகலாம்! கலைப் பட்டதாரியாகிய எமக்கு அது தித்திப்பான செய்தி. முப்பது வயது குறைவாக இருந்திருந்தால் நாமே முயன்றிருப்போம். பதினெட்டு வயதில் இடம் கிடைக்கவில்லை என்று பிள்ளையைக் கடன்பட்டுப் பல்கேரியாவுக்கு அனுப்பும் பெற்றோர், அதற்கு முன்னர் இவ்வழியையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அங்கே படிப்பதற்கு இந்நாட்டு மாணவர் கடன் கிடையாது. வயது வந்தபின் படிப்பைத் தொடர்பவர்களுக்கு ஒரு வருட அக்சஸ் டிப்ளோமாவும் உண்டு. ஆனால் எல்லா அக்சஸ் டிப்ளோமாவையும் எல்லா மருத்துவபீடங்களும் ஏற்பதில்லை. பணம் கட்டுமுன் பீடத்துக்கே எழுதிக் கேளுங்கள்.

பின்னணி என்றால் எதைப் பார்க்கிறார்கள்? பாடசாலையின் பொதுவான பெறுபேறு, வீட்டு வருமானம், பெற்றோர் பல்கலைக்கழகம் சென்றனரா என்பது, குடியிருக்கும் இடத்தின் தபாற் குறியீடு, நோயாளியான பெற்றோரைப் பராமரிப்பவரா, அகதி அந்தஸ்து உள்ளவரா என்பன. ஒவ்வொரு பீடமும் ஒவ்வொரு விதமாகப் பார்க்கும். இங்கே எம்மவர் கவனிக்க வேண்டிய பொறிகள் சில உள.

முதலாவது, தபாற் குறியீடு. போலார் என்றொரு அளவுகோல் உண்டு. ஒரு பகுதியிலிருந்து எத்தனை இளைஞர் உயர்கல்விக்குச் செல்கின்றனர் என்பதை அது அளக்கிறது. லண்டனில் குடியேறியோர் பிள்ளைகள் வறுமையிலும் படிக்கப் போகிறார்கள். ஆகவே லண்டனில் அநேகமான பகுதிகள் அந்த அளவுகோலில் "நல்ல" பகுதிகள் ஆகிவிடுகின்றன. ஓர் அறையில் ஐவர் வாழும் குடும்பமும் அதனால் சலுகைக்கு வெளியே நிற்கும். லண்டன்வாசிகள் தபாற் குறியீட்டை நம்பியிருக்கக்கூடாது.

இரண்டாவது, பாடசாலை இலவச உணவு. இதைப் பற்றி எழுதும்போது எமக்குக் கோபம் வருகிறது. உரிமை இருந்தும், "நாங்கள் பிச்சைக்காரரோ" என்று விண்ணப்பிக்காமல் விட்ட பெற்றோரை நாம் கண்டிருக்கிறோம். அந்தப் பதிவு ஒரு நேரச் சோறு மாத்திரம் அன்று. பல்கலைக்கழகங்கள் குடும்ப வருமானத்துக்கான சான்றாக அதையே பெரிதும் நம்புகின்றன. 2023 முதல் லண்டனில் அரச ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகள் அனைவருக்கும் நகரபிதா இலவச உணவு வழங்குவதால், இனிப் பதிவு தேவையில்லை என்று எண்ணுவோரும் உளர். அது தவறு, வருமானத்தை வைத்துச் செய்யும் பதிவு வேறு. யுனிவர்சல் கிரெடிட் பெறும் குடும்பங்கள் அனைத்தினதும் பிள்ளைகள் 2026 செப்டெம்பர் முதல் இங்கிலாந்தில் இலவச உணவுக்கு உரியவர் என அரசு 2025 இல் அறிவித்தது. வெட்கப்படாமல் பதிவு செய்யுங்கள்.

மூன்றாவது, பெற்றோர் கல்வி. இக்கேள்வி எம் வீட்டிலும் வந்தது. யாழ்ப்பாணத்துப் பட்டத்தை வைத்துக்கொண்டு நாம் இங்கே பத்து ஆண்டுகள் கடையொன்றில் சாமான் அடுக்கினோம். மகனின் விண்ணப்பத்தில் அக்கேள்வியைக் கண்டதும், எமக்குப் பயன்படாத பட்டம் அவனுக்கு ஏன் பாரமாக வேண்டும் என்று ஒரு கணம் தோன்றியது. ஈற்றில் ஆம் என்றே நிரப்பினோம். மனம் முழுவதாக ஒப்பி நிரப்பியதாகச் சொன்னால் அது பொய்.

வதிவிட நிலை பற்றிப் பலர் கடிதம் எழுதியிருந்தீர்கள். அகதி அந்தஸ்துப் பெற்றவர்களும் அவர்தம் பிள்ளைகளும் இந்நாட்டு மாணவருக்குரிய கட்டணமே செலுத்துவர். மாணவர் கடனுக்கும் உரியவர். மருத்துவ மாணவருக்கு ஐந்தாம் ஆண்டிலிருந்து கட்டணத்தைச் சுகாதார சேவையே செலுத்தும். ஆறாண்டுப் பாடநெறிக்கும் அப்படியே. குறித்த கால விசாவில் இருப்பவர்கள் 2015 ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றை அறிந்திருத்தல் நன்று. ஆறு வயதில் இந்நாட்டுக்கு வந்து, நன்றாகப் படித்தும், நிரந்தர வதிவிடம் இல்லை என்பதற்காகக் கடன் மறுக்கப்பட்ட பியூரிஷ் டிகேரே என்ற ஸாம்பிய யுவதி உயர் நீதிமன்றம்வரை சென்று வென்றார். அதன் பின்னர் விதி மாறியது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவராயின் ஏழு ஆண்டுகள், மேற்பட்டவராயின் வாழ்நாளில் அரைவாசி அல்லது இருபது ஆண்டுகள் இங்கே வாழ்ந்திருந்து, அதில் இறுதி மூன்று ஆண்டுகளும் சட்டபூர்வமாக வதிந்தவர் விண்ணப்பிக்கலாம். புகலிட விண்ணப்பம் இன்னும் முடிவாகாதவர்களுக்கு நிலைமை கடினம். வெளிநாட்டுக் கட்டணம், கடனும் இல்லை. சில பல்கலைக்கழகங்கள் புகலிடப் புலமைப்பரிசில் தருகின்றன. மருத்துவம் அதனுள் அடங்குமா என்று முதலில் கேட்டறிய வேண்டும். இவ்விடயத்தில் சட்டத்தரணியின் ஆலோசனையின்றி எவர் சொல்லையும், எமது சொல்லையும்கூட, நம்பி முடிவெடுக்காதீர்கள்.

யூகற் என்னும் நுழைவுப் பரீட்சை ஜூலை முதல் செப்டெம்பர் வரை நடைபெறும். கட்டணம் கட்ட இயலாதோருக்கு முழு விலக்கு உண்டு. அதற்கு முற்கூட்டியே விண்ணப்பித்தல் அவசியம். பரீட்சையை நடத்துவோரே பயிற்சி வினாத்தாள்களை இலவசமாகத் தருகிறார்கள். நூற்றுக்கணக்கான பவுண் வாங்கும் ரியூசன் வகுப்புகளுக்கு ஓடுமுன் அவற்றைச் செய்து பாருங்கள். விண்ணப்ப முடிவு நாள் ஒக்ரோபர் 15. ஏனைய பாடநெறிகளைப் போல ஜனவரிவரை காத்திருக்க முடியாது. மருத்துவத்துக்கு நான்கு தெரிவு மாத்திரமே.

அனுபவம் எங்கே பெறுவது என்று பிள்ளைகள் கலங்குகிறார்கள். மாமா வைத்தியராக இருப்பவர்க்கு வைத்தியசாலைக் கதவு திறக்கும். எமக்கு யார் இருக்கிறார்கள்? அன்புப் பிள்ளைகளே, பத்து வயதில் அம்மாவுடன் குடும்ப வைத்தியரிடம் போய், அவர் சொன்னதை இவருக்கும் இவர் சொன்னதை அவருக்கும் மொழிபெயர்த்தீர்களே, அது என்ன? அம்மா தன் உள் நோயைச் சொல்லக் கூசி நின்றதையும், வைத்தியர் கடிகாரம் பார்த்ததையும் நடுவில் இருந்து கண்டவர்கள் நீங்கள். அப்பம்மாவின் இன்சுலின் ஊசியை நேரம் பார்த்துக் கொடுத்ததும், முதியோர் இல்லத்தில் சனி ஞாயிறு வேலை செய்ததும் அனுபவமே. 2026 நுழைவு முதல் விண்ணப்பக் கட்டுரை மூன்று கேள்விகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. இவற்றை அங்கே எழுதலாம். நேர்முகப் பரீட்சையிலும் சொல்லலாம். ஆங்கிலேயப் பிள்ளைக்கு அமையாத அனுபவத்தை எம் பிள்ளை மறைத்து வைக்கிறது. வீட்டு மானம் போய்விடுமாம்.

இவற்றுள் பாதியைத்தான் அத்தந்தையாரிடம் அன்று சொல்ல முடிந்தது. ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னோம். உங்கள் மகள் படித்த பாடசாலையில் கடந்த ஆண்டு எத்தனை பௌதிக ஆசிரியர் மாறினார்கள் என்று கேட்டோம். மூன்று என்றார். அவள் எங்கே இருந்து படிக்கிறாள் என்று கேட்டோம். குசினி மேசையில், தம்பிமார் நித்திரைக்குப் போனபின் என்றார். நீங்கள் பரீட்சைக்குப் படித்தபோது எப்படி என்று கேட்டோம். ஹாட்லியில் நல்ல ஆசிரியர்கள் இருந்தார்கள், ரியூசனுக்கும் போனேன் என்றார். பின்பு தாமாகவே பேச்சை நிறுத்திக்கொண்டார்.

தாளை மடித்துப் பையில் வைத்தார். "யோசிச்சுச் சொல்லுறன் ரீச்சர்" என்று எழுந்தார். அடுக்கிய கதிரைகளின் மேல் தாம் இருந்த கதிரையையும் தூக்கி வைத்துவிட்டுப் போனார்.

புதன்கிழமை இரவு பத்து மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. வேலையிடத்திலிருந்து பேசுகிறார், பின்னால் வாகனச் சத்தம்.

"ரீச்சர், அந்த ஆறு வருசப் படிப்பு முடிய, கடைசியில குடுக்கிற பட்டத்தில ஏதும் வித்தியாசம் போடுவினமோ?"

இல்லை, ஏனையோர் பெறும் அதே பட்டம்தான். பதிவேட்டிலும் வேறு குறிப்பு இராது என்றோம்.

சற்று நேரம் பேச்சில்லை. யாரோ பெற்றோலுக்குக் காசு கட்ட வந்தார் போலும். பின்னர், "நாலில ரெண்டை அதுக்குப் போடச் சொல்லிப்போட்டன். மற்ற ரெண்டும் ஐஞ்சு வருசத்துக்கு" என்றார்.

முடிவு நாளுக்கு முன் வரும் இரண்டு சனிக்கிழமைகளும் பிற்பகல் இரண்டு மணிக்குப் பின் தமிழ்ப் பாடசாலை மண்டபத்தில் இருப்போம். விண்ணப்பம் நிரப்புவோர், பிள்ளையின் எதிர்வுகூறிய பெறுபேற்றையும், வதிவிடக் கடிதத்தின் பிரதியையும், இலவச உணவுப் பதிவு இருந்தால் அதையும் கொண்டுவரவும். பிள்ளையையும் அழைத்து வாருங்கள். பெற்றோர் மாத்திரம் வந்து பிள்ளைக்காகப் பேச வேண்டாம்.